நூறக்கா எண்ணிய வெள்ளையணுக்கள்

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு நூறக்கா என்றுதான் பேர். கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி, சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்பில் வெள்ளையணுக்களை வகைவாரியாக எண்ண வேண்டும்; கணக்கு நூறு. ஐம்பதோடு நிறுத்தி இரண்டால் பெருக்கிவிட்டு டீ குடிக்கப் போகிற ஆசாமிகளும் உண்டு. நம்ம ஆள் அந்த ரகமில்லை. கட்டடமே தீப்பிடித்தாலும் நூறாவதைப் பார்க்காமல் நாற்காலியை விட்டு எழமாட்டாள். அப்படியொரு பிடிவாதம்.

அன்று காலை வந்த ரத்தம், தனியறையில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கிடந்த பஸ் டிரைவருடையது. ரத்தப் புற்றுநோய். கொடுத்த மருந்து நோயோடு சேர்த்து எலும்பு மஜ்ஜையையும் வழித்துத் துடைத்திருந்தது. வெள்ளையணு பிறப்பதே பெரும்பாலும் அந்த மஜ்ஜையில்தான். காவலில்லாத உடம்புக்குச் சாதாரணச் சளிகூட எமன். ஆனால் அணுக்களை எண்ணும் மிஷின் அன்றைக்கு வெள்ளையணு இரண்டாயிரம், அதாவது ஓரளவு தேறிவிட்டது என்று காட்டியது. பிற்பகலே பொது வார்டுக்கு மாற்றிவிடலாம் என்றார் டாக்டர். டிரைவரின் மனைவி, மகளை அழைத்துவரச் சொல்லி உடனே வீட்டுக்குப் போன் போட்டுவிட்டாள்.

நூறக்கா தகட்டைப் பார்த்தாள். மிஷின் வெள்ளையணு என்று எண்ணியதில் முக்கால்வாசி, உட்கரு இன்னும் கழலாத இளம் சிவப்பணுக்கள்! மஜ்ஜை அவசரத்தில் வெளியே தள்ளிவிட்ட அரைவேக்காடுகள். அவற்றைக் கழித்தால் மிஞ்சுவது ஐந்நூறு. கிருமியை விழுங்குகிற வகை அதிலும் சொற்பம்.

போனை எடுத்தாள். "சார், அவரை மாத்தாதீங்க."

"மிஷின் ரெண்டாயிரம்னு சொல்லுதேம்மா?"

"அது உட்கருவைப் பார்த்து வெள்ளையணுன்னு ஏமாந்துடுச்சு சார். நீங்களே வந்து பாருங்க."

டாக்டர் வந்தார், பார்த்தார், உத்தரவை மாற்றி எழுதினார்.

சற்று நேரத்தில் டிரைவரின் மனைவி கூடத்து வாசலில் வந்து நின்றாள். "உங்களுக்கு என்னங்க பண்ணினோம்? எம்பொண்ணு அப்பாவைத் தொட்டு ஒரு மாசமாச்சு!"

நூறக்காவுக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. அடக்கிக்கொண்டாள். "கிருமி உள்ள வந்தா ஓடிப்போய் முழுங்குறது இந்த அணுங்கதாம்மா. முழுங்கிட்டு அங்கேயே செத்தும்போகும். புண்ணுல சீழ் வருதே, அதுல பாதி இதுங்க பிணம்தான். சாதாரணமாவே ரத்தத்துல ஒரு நாள் தங்குறதே பெரிசு. அதனால தினம் புதுசா பிறந்துகிட்டே இருக்கணும். உங்க வீட்டுக்காரருக்குப் பத்துற அளவுக்கு இன்னும் பிறக்கல. பிறந்ததும் நானே வந்து சொல்றேன்."

டிரைவரின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

மூன்றாம் நாள் பொது வார்டில் காய்ச்சல் பரவி ஆறு பேர் படுத்தார்கள். சேதி டிரைவரின் மனைவி காதுக்கும் எட்டியது. நூறக்காவை வராந்தாவில் பார்த்தபோது அவள் ஒதுங்கி வழிவிட்டாள். நூறக்கா தினமும் தகடு போட்டாள், தினமும் எண்ணினாள்.

எட்டாம் நாள் தகடு நிறைய அசல் வெள்ளையணுக்கள். பாதிக்கு மேல் கிருமி விழுங்கிகள். நூறக்காவுக்குக் கண் கலங்கி லென்ஸ் மங்கியது; துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். டாக்டரும் பார்த்துச் சரியென்றார்.

தனியறைப் பக்கம் நூறக்கா வேகமாக வருவதைப் பார்த்ததும் டிரைவரின் மனைவி எழுந்தாள்.

"பொண்ணைக் கூட்டிட்டு வாங்கம்மா."

அவள் சந்தோஷப்படவில்லை. நூறக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மிஷின் சொல்லுச்சா, நீங்க பார்த்தீங்களா?"

"நான் பார்த்தேன்."

அப்புறம்தான் அவள் வீட்டுக்குப் போன் போட்டாள்.