மிஸ் கண்ணை மூடினால்

வகுப்பை அடக்க ஒரே வழி வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் என்று பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். கத்தக்கூடாது, மேசையில் தட்டக்கூடாது. அசையாமல் நின்றால் பிள்ளைகள் தாங்களாகவே வெட்கப்பட்டு அடங்குவார்களாம். சொன்னவர் ஒரு நாளும் கொழும்பு கொட்டாஞ்சேனையில் படிப்பித்திருக்கமாட்டார்.

எனக்குக் கிடைத்தது கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளியின் ஆறாம் வகுப்பு. பிள்ளைகளில் பாதிப்பேரின் தகப்பன்மார் துறைமுகத்தில் வேலை செய்தார்கள். கப்பல் இரைச்சலுக்கு மேலால் கத்திப் பழகிய வீடுகள் என்பதால், அந்தப் பிள்ளைகள் இரகசியம் சொன்னாலே அடுத்த வகுப்புக்குக் கேட்கும். யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்த என் குரல் முதல் வாரத்திலேயே கட்டிப்போனது.

ஆகவே கல்லூரி சொன்ன வித்தையை எடுத்தேன். வகுப்பின் சந்தைக்கடை இரைச்சல் உச்சத்துக்குப் போனபோது மேசைக்கு முன்னால் நிமிர்ந்து நின்றேன். ஆத்திரம் முகத்தில் தெரியக்கூடாது என்று கண்ணையும் மூடிக்கொண்டேன். ஆச்சரியம், சத்தம் சட்டென்று நின்றது. எனக்குள் பெருமை பொங்கியது. அடுத்த நொடி பிள்ளைகள் இருக்கும் வாங்குகள் இழுபடும் ஓசை கேட்டது. கண்ணைத் திறந்தால் வகுப்பே எழுந்து நின்று, சிலுவை போட்டு, மாதா செபத்தைத் தொடங்கியிருந்தது.

அந்தப் பள்ளியில் செபத்துக்கு முன் ஆசிரியை கண்ணை மூடிச் சற்று நிற்பார். அதுதான் அடையாளம். செபம் நடப்பது முதல் பாடத்தில், என்னுடையதோ மூன்றாவது. திருநீறு பூசி வளர்ந்த எனக்கு யார் இதைச் சொல்வார்கள்?

"ஏன் எழும்பினனீங்கள்? இருங்கோ!" என்றேன்.

"மிஸ்தானே செபத்துக்கு நின்னீங்க?" என்று முன்வாங்குப் பிள்ளை கேட்டாள். அவள் கண்ணில் குறும்பு இருந்ததா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். ஏனென்றால் அதன் பிறகு நான் பாடத்துக்கிடையில் ஒரு கணம் யோசித்து நின்றாலே எழுந்துவிடுவார்கள். நான் மறுபடி வாங்கில் இருத்துவேன். அவர்கள் சிரிப்பார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியை, "உங்கட வகுப்பில பக்தி கூடிப்போச்சு" என்று நக்கலடித்தார்.

பள்ளி அதிபராக இருந்த சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. "மிஸ், இந்தத் தவணை முடியமுன்னம் வகுப்பை வழிக்குக் கொண்டுவாங்கோ. இல்லாட்டி நான் வேற ஆளைப் பாக்கத்தான் வேணும்" என்றார்.

அப்போது நான் வெள்ளவத்தையில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். யுத்தம் நடந்த அந்த வருடங்களில் யாழ்ப்பாண அடையாள அட்டையோடு கொழும்பில் இருப்பவளை எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: நீ ஏன் இங்கே இருக்கிறாய்? பொலிஸ் கேட்கும், வீட்டுக்காரரும் கேட்பார். நான் டீச்சர் என்பது மட்டுமே என்னிடமிருந்த பதில். அதுவும் போனால் என்ன சொல்வேன்?

ஒரு நாள் காலை கொள்ளுப்பிட்டியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். மற்றவர்களை ஏற்றிவிட்டு, என் அட்டையை மட்டும் ஒரு சிப்பாய் வைத்துக்கொண்டான். பஸ் போய்விட்டது. "மாத்தயா, மம டீச்சர்" என்று, நான் டீச்சர் என்பதை எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லிப் பள்ளிக் கடிதத்தையும் காட்டினேன். ஓரமாக நிற்கச் சொன்னான். வாயை மூடிக்கொண்டு அசையாமல் நின்றேன். கல்லூரி சொன்ன முறையேதான். அவன் வெட்கப்படுவதாகத் தெரியவில்லை.

அட்டை கைக்கு வந்து, வேறு பஸ் பிடித்துப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்றாம் பாடம் பாதி முடிந்திருந்தது. படியேறும்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது. என் வகுப்பிலிருந்து இரைச்சல் வரவில்லை. வாசலில் சிஸ்டர் நின்றிருந்தார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார்.

எட்டிப் பார்த்தேன். ஆசிரியை இல்லாத வகுப்பில் அத்தனை பேரும் எழுந்து நின்று கண்ணை மூடி, மெதுவான குரலில் செபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மெதுவான குரல் இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

"இப்பிடி ஒரு கட்டுப்பாட்டை நான் இந்தப் பள்ளிக்கூடத்தில காணேல்ல" என்றார் சிஸ்டர். "நீங்கள் பயப்பிடாதேங்கோ. அடுத்த தவணையும் இது உங்கட வகுப்புத்தான்."

கட்டுப்பாட்டுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல வாய் உன்னியது. டீச்சர் என்ற பதில் எனக்குத் தேவைப்பட்டதால் அப்படியே உள்ளே போனேன்.

முன்வாங்குப் பிள்ளைதான் முதலில் கண்ணைத் திறந்தாள். "மிஸ் வந்துட்டாங்க!" என்று துறைமுகம் வரைக்கும் கேட்கக் கத்தினாள். பிறகு கிட்ட வந்து, "காலைல அசெம்பிளிலயும் உங்களக் காணல. புடிச்சிட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சோம் மிஸ்" என்றாள். போன மாதம் அவளுடைய மாமாவை அப்படித்தான் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோயிருந்தார்கள்.

எல்லாரும் இருங்கோ, பாடத்தைத் தொடங்குவம் என்று சொல்லத்தான் மேசைக்கு முன்னால் வந்தேன். கண்ணீர் வெளியே வரக்கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

வாங்குகள் இழுபட்டன. வகுப்பே மறுபடி எழுந்து சிலுவை போட்டது. அன்று நான் யாரையும் இருத்தவில்லை.