மூக்கும் பத்தடி தூரமும்

பெயிண்ட் கடையில் இருபத்திரண்டு வருஷமாக நிறம் கலப்பவர் அவர். கடைக்கு வருகிற எல்லோருக்கும் அவர் 'கலர்காரர்'தான். சுவரிலிருந்து பெயர்ந்த நகமளவு காரையைக் கொண்டுவந்து நீட்டினால் போதும். வெயிலில் ஒரு தடவை, விளக்கடியில் ஒரு தடவை திருப்பிப் பார்ப்பார். வெள்ளை டப்பாவில் இத்தனை சொட்டு மஞ்சள், இத்தனை சொட்டு கறுப்பு என்று விட்டுக் கலக்கிக் கொடுப்பார். காய்ந்த பிறகு எங்கே ஒட்டுப் போட்டோம் என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. தன் கண்ணைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு.

அந்தக் கனத்தை இறக்கியது ஒரு பழைய ஃபிலிம் கேமரா. ஊர் மாறிப் போன வாடிக்கையாளர் ஒருவர், "நீங்க கலர் பாக்கிற ஆளு, உங்களுக்குத்தான் இது உதவும்" என்று பையோடு கொடுத்துவிட்டுப் போனார். கேமராவில் அகலமாகப் பார்க்கும் குட்டி லென்ஸ் மாட்டியிருந்தது. பைக்குள் நீளமான லென்ஸ் ஒன்றும் கிடந்தது. கனமாக இருக்கிறதே என்று அதை அவர் தொடவில்லை.

முதல் ஃபிலிம் சுருளை வீட்டுக்குள்ளேயே தீர்த்தார். படங்கள் கழுவி வந்த அன்று வீடே கூடிவிட்டது. மனைவியை அடுப்பங்கரை வாசலில் நிறுத்தி, முகத்துக்கு ஒன்றரை அடி வரை போய் எடுத்த படம்தான் முதலில் கையில் வந்தது. மூக்கு முன்னால் வந்து நின்றது. காதுகள் எங்கோ பின்னால் ஓடிவிட்டன. போதாததற்கு முகமெல்லாம் பாசி பிடித்தாற்போல் பச்சை.

மனைவிக்குப் பஸ் நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் சொல்லும் வேலை. மகள் அதே குரலில் ஆரம்பித்தாள்: "பயணிகள் கவனத்திற்கு! மூக்கு வந்து சேர்ந்துவிட்டது. அம்மா அடுத்த பஸ்ஸில் வருகிறார்!"

எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள். ஆனால் மறுநாள் காலை அந்தப் படம் பழைய பேப்பர் கட்டுக்கு அடியில் கவிழ்ந்து கிடந்ததை அவர் பார்த்தார். கண்ணாடி முன்னால் நின்ற அவள் திரும்பாமலே கேட்டாள்.

"ஏங்க, பொய் சொல்லாம சொல்லுங்க. நெஜமாவே இவ்வளவு பெரிசா?"

"சேச்சே, அது ஏதோ..."

"சின்ன வயசுலேருந்தே இந்தக் கிண்டல்தான். அதான் எந்த ஃபோட்டோவிலயும் யார் முதுகுக்காவது பின்னால நின்னுக்குவேன். கேமரா பொய் சொல்லாதில்ல?"

கடைக்குப் போயும் அவர் மனசு அந்தக் கேள்வியிலேயே நின்றது. மத்தியானம் வேறெதற்கோ ஒரே அளவு டப்பா இரண்டை மேஜையில் வைத்துக் குனிந்தார். கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தது அண்டா மாதிரி தெரிந்தது, பின்னால் இருந்தது டம்ளர் மாதிரி. அப்படியே பின்வாங்கிப் பின்வாங்கிப் பார்த்தார். கடை வாசலுக்கு வந்தபோது இரண்டும் ஒரே அளவாகிவிட்டன.

பக்கத்துத் துணிக்கடையில் மூக்கும் முழியுமாக ஒரு பொம்மை நின்றது. அதை இரவல் வாங்கி, தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, டேப்பால் அளந்து ஒன்றரை அடி, மூன்றடி, ஆறடி, பத்தடி என்று படமெடுத்தார்.

"என்ன அண்ணே, பொம்மைக்கு மாப்பிள்ளை பாக்கிறீங்களா?" என்றார் துணிக்கடைக்காரர்.

படங்கள் வந்ததும் நேரே மனைவியிடம் ஓடினார். "இந்தப் பொம்மைக்கு மூக்கு இத்துனூண்டு. ஒன்றரை அடியில நின்னா அதுக்கும் இதே கதிதான், பாரு. பத்தடியில சரியாயிடுது. தப்பு உன் மூஞ்சியில இல்லம்மா, நான் நின்ன எடத்துல."

அவள் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "சரி, ஒரே ஒரு தடவை. அதுவும் உங்க பொண்ணு வீட்ல இல்லாதப்ப."

பத்தடியில் நின்றால் முகம் படத்தில் சுண்டைக்காயாகிவிடும். பைக்குள் கிடந்த நீள லென்ஸ் தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டத்தான் என்று அப்போதுதான் விளங்கியது. பச்சைக்கும் காரணம் தேடினார். பகல் வெளிச்சத்துக்கென்று செய்த ஃபிலிம் அது. டியூப் லைட்டின் பச்சையைக் கண் பழகி மறந்துவிடுகிறது, ஃபிலிம் மறப்பதில்லை. விளக்கை அணைத்து ஜன்னலைத் திறந்தார். வெள்ளைத் தாளை ஜன்னலோரச் சுவரருகே பிடித்தால், சுவரின் சாயல் பட்டு அதிலும் லேசாகப் பச்சை. கடையில் மிஞ்சிய கிளிப்பச்சையை அந்தச் சுவரில் அடித்தவரே அவர்தான்!

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தச் சுவருக்கு வெள்ளை பூசினார்.

"ஒரு ஃபோட்டோவுக்காக வீட்டுக்கே வெள்ளையடிக்கிற ஆளை இப்பத்தான் பாக்கிறேன்" என்று முனகிக்கொண்டே அவளும் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவளை ஜன்னலோரம் உட்கார வைத்தார். அறையோ எட்டடிக்கு மேல் இல்லை. நீள லென்ஸுக்குள் முகம் முழுசாக அடங்கவில்லை. பின்னால் நகர்ந்து வாசலைத் தாண்டினார், நடையைத் தாண்டினார், எதிர்வீட்டுக் கதவில் முதுகு இடித்தது. அந்த வீட்டு டீச்சர் கதவைத் திறந்து அவரையும் கேமராவையும் மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னும் தள்ளிப் போகணுமா அண்ணே? உள்ளேயே வாங்க. சோபாவுல உக்காந்து எடுங்க, டீ போடறேன்."

இதைக் கேட்டு, அங்கே தன் வீட்டு ஜன்னலோரம் மனைவி தன்னை மறந்து சிரித்தாள். அவர் பொத்தானை அழுத்தினார்.

படம் வந்தது. ஒரு பக்கக் கன்னத்தில் ஜன்னல் வெளிச்சம், தோல் அதன் சொந்த மாநிறத்தில். அவள் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"மூக்கு அதேதான்" என்றாள். "ஆனா இப்ப மூஞ்சியோட சேந்து இருக்கு." கண்களைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு காப்பி போடச் சொல்லுங்க, தங்கச்சிக்கு அனுப்பணும்" என்றாள்.

அதைப் பார்த்த டீச்சர் தன்னையும் எடுக்கச் சொன்னார். மகளும் வரிசையில் வந்து நின்றாள். சில படங்கள் இன்னமும் கலங்கித்தான் வருகின்றன, அவரும் விடுவதாக இல்லை. இப்போது மாட்டியிருக்கும் சுருளில் நாலு படம் பாக்கி. அவற்றை மனைவி தனக்கென்று கேட்டு வாங்கிவிட்டாள். பஸ் நிலையத்தில் தன்னோடு வேலை செய்கிறவளைத் தானே எடுக்கப் போகிறாளாம். அளக்கும் டேப்பும் அவள் கைப்பையில் ஏறிவிட்டது.