போகும்போது தூங்கினாள்

என் மனைவிக்குக் கார் பயணம் ஒத்துக்கொள்ளாது. எங்கே போனாலும் ஓர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வருவாள். பழைய காரைக் கொடுத்துவிட்டு, ஏழு பேர் வசதியாக உட்காரும் டீசல் வேன் ஒன்றை வாங்க நினைத்ததே அவளுக்காகத்தான்.

விற்பவர் எங்கள் ஊர் சங்கரன்கோவிலுக்கே வண்டியைக் கொண்டுவந்தார். "சிவகிரி வரைக்கும் போய்ப் பாத்துட்டு வருவோம் அண்ணாச்சி" என்று அவரே ஓட்டினார். நான் ஏசியைப் போட்டுப் பார்த்தேன், இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டேன். பின்னால் திரும்பினால், மனைவி நல்ல தூக்கத்தில் இருந்தாள். பழம் மடியில் கிடந்தது. இதைவிட என்ன வேண்டும்?

திரும்பும்போது நான் ஓட்டினேன். பாதி வழியில், "என்னங்க, நிறுத்துங்க" என்றாள். இறங்கி ஓரமாக வாந்தி எடுத்தாள்.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. அதே வண்டி, அதே ரோடு, அதே சீட்.

"போகும்போது நல்லாத்தானே இருந்துச்சு. வண்டில ஏதும் கோளாறு இருக்கா?" என்று விற்பவரிடம் கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல், "வண்டி அப்படியேதான் இருக்கு அண்ணாச்சி" என்று இழுத்தார்.

அப்போதும் விளங்காமல் டயரை உதைத்துப் பார்த்தேன். மனைவி வாய் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"வண்டில ஒரு கோளாறும் இல்ல. எடுத்துக்கிடுவோம். அப்படியே மார்க்கெட்ல எலுமிச்சம்பழம் அரைக் கிலோ வாங்கிருங்க."

இத்தனை வருடமாக அவள் வயிற்றைத்தான் குறை சொல்லியிருக்கிறேன்.

வேனை வாங்கிவிட்டேன். இப்போதெல்லாம் ஓட்டும்போது கண்ணாடியில், பின்னால் வரும் வண்டிகளைவிட அவள் கையைத்தான் அதிகம் பார்க்கிறேன். பழம் மடியில் கிடந்தால் சரி.