என் குதிகாலில் இருந்தது ஆணி இல்லை

எனக்குத் தோல் புற்றுநோய் வந்தது. ஆண்டவர் என்னை அதிலிருந்து மீட்டு நடமாட வைத்திருக்கிறார். நம் தெருக் குடும்பங்கள் ஜெபிக்கக் கூடும் அன்பியக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லச் சொன்னார்கள். பத்துப் பேரைப் பார்த்தாலே எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: என் பெயர் மரிய செல்வி. தாராவியில் குடியிருக்கிறோம். நானும் என் வீட்டுக்காரர் அந்தோணியும் மாட்டுங்காவில் ஒரு கட்டடத்தின் கீழே இஸ்திரிக் கடை வைத்திருக்கிறோம். காலையில் போய் நின்றால் பொழுது சாயும்வரை நிற்கிற வேலை. எங்களுக்கு ஷீபா என்று ஒரே மகள், காலேஜில் படிக்கிறாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் வலது குதிகாலின் உள்பக்கத்தில் எள்ளுப் போல ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. வலி இல்லை, அரிப்பு இல்லை. கரி போட்ட இஸ்திரிப்பெட்டியில் வேலை செய்கிறவளுக்குக் காலில் கறுப்பு இருப்பது ஒரு அதிசயமா? சோப்புப் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. அது மெதுவாகப் புளியங்கொட்டை அளவுக்கு வந்தது. பக்கத்து வீட்டு அக்கா "கால் ஆணிதான்" என்றாள். மருந்துக் கடையில் ஆணிக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி வாங்கி ஒட்டினேன். மேல்தோல் உரிந்தது, கறுப்பு அப்படியே இருந்தது. ஒருநாள் செருப்பில் துளி ரத்தம் பார்த்தேன். துடைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். இப்போது நினைத்தால் என்னை நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

போன வருஷம் பெரிய வியாழன். இயேசு சீடர்களுக்குச் செய்தது போல, பூசையில் ஃபாதர் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவ வேண்டும். பேர் கொடுத்திருந்த ஒருவர் ரயில் தாமதத்தால் வந்து சேரவில்லை. பூசை வேலைகளைக் கவனிக்கிற கோயில்பிள்ளை என்னைப் பார்த்துக் கையைக் காட்டி அழைத்துவிட்டார். எனக்கோ உயிரே போயிற்று. கடையிலிருந்து நேராக வந்திருந்தேன், காலெல்லாம் கரி. என்ன செய்ய? போய் உட்கார்ந்து இடது காலை நீட்டினேன். ஃபாதர் சிரித்துக்கொண்டே, "வலது கால்ம்மா" என்றார்.

தண்ணீர் ஊற்றினார். துண்டால் துடைத்தார். குதிகாலில் கறுப்பைப் பார்த்துக் கரி என்று நினைத்து இன்னொரு முறை அழுத்தித் துடைத்தார். மூன்றாம் முறையும் துடைத்தார். நான் வெட்கத்தில் செத்தேன். பக்கத்தில் துண்டு வாங்கி வைக்க நின்றவர் ரோஸ்லின் அக்கா. பெரிய ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குனிந்து பார்த்தார். அங்கேயே, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்டார்.

"ஏட்டி செல்வி, இது எத்தன நாளா இருக்கு?"

"அக்கா, பூசை நடக்கு..."

"நடக்கட்டும். நீ சொல்லு. பெருசாவுதா? ரத்தம் வந்துச்சா?"

ஆமென்று தலையை ஆட்டினேன். அக்காவின் முகம் மாறியதை நான் கவனித்தேன். பூசை முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு ஆஸ்பத்திரி லீவு, சனி ஞாயிறு தோல் டாக்டர் இருக்க மாட்டாங்க. திங்கக்கெழம நான் கூட வாறேன். அதுவர அதுல எதையும் ஒட்டாத, கீறாத, அறுக்காத."

மறுநாள் பெரிய வெள்ளி. சிலுவைப் பாதையில் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, இது வெறும் ஆணியா இருக்கட்டும்" என்று மன்றாடினேன். எதிரே சிலுவையில் அவர் கால்களில் ஆணி அடித்துத் தொங்குகிறார். அவரிடம் போய் எனக்கும் ஆணி கொடும் என்று கேட்கிறேனே என்று, அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் பயந்து பார்த்தார்கள்.

திங்கட்கிழமை தோல் பிரிவில் இருந்த டாக்டர் ஒரு மராத்திப் பெண். வெளிச்சம் உள்ள ஒரு பூதக்கண்ணாடியைக் காலில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு இந்தியில் எனக்குப் புரியும்படி சொன்னார். ஓரம் வளைந்து நெளிந்து இருக்கிறது, ஒரே கறுப்பாக இல்லாமல் மூன்று நிறம் கலந்திருக்கிறது, வளர்கிறது, ரத்தம் வருகிறது. இதையெல்லாம் விட்டுவைக்கக் கூடாது என்றார். "எங்களைப் போலக் கறுத்த தோலுக்கு இது வருமா? வெயிலே படாத இடமாச்சே?" என்று கேட்டேன். வரும் என்றார். நம்மைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில்தான் வருமாம். அங்கே யாரும் பார்க்காததால்தான் முற்றிப்போய் வருகிறார்கள் என்றார்.

மரத்துப்போக ஊசி போட்டுத் தோலை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர நாளாகும் என்றார்கள். ஷீபா செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு, நான் பார்க்காதபடி அதைத் தலையணைக்கு அடியில் தள்ளினாள். அதிலேயே எனக்குப் பாதி உயிர் போயிற்று.

முடிவு வந்தது. மெலனோமா. தோல் புற்றுநோயில் பொல்லாத வகை. ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. ஆண்டவரோடு சண்டை போட்டேன். "ஆணின்னுதான கேட்டேன்? ஏன் இதக் குடுத்தீரு? ஷீபாவ யார் பாப்பா? கால் போனா நான் எங்க நிப்பேன்?" என்று மனதுக்குள் கத்தினேன். பிறகு, கேட்க ஒன்றும் மிச்சமில்லாமல், "உம்ம இஷ்டம். ஆனா கூடவே இரும்" என்றேன். அதுதான் என் வாழ்நாளிலேயே நான் சொன்ன மிகச் சின்ன ஜெபம்.

ரோஸ்லின் அக்கா டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். "அந்தோணி, அழுகைய நிறுத்துங்க. செல்வி, நீயும் கேளு. மேலாகத்தான் இருக்காம், ஆழமா எறங்கல. சீக்கிரம் புடிச்சாச்சு. புரியுதா?"

என் வீட்டுக்காரருக்கு ஒரு பயம் இருந்தது. கத்தி வைத்தால் பரவிவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். டாக்டரிடமே கேட்டுவிட்டார். அவர் சிரித்து, "சாக்கூ லகானே ஸே நஹி, டைம் லகானே ஸே ஃபைல்தா ஹை" என்றார். கத்தி வைத்தால் பரவாது, காலம் கடத்தினால்தான் பரவும்.

பிறகு விவரமாகச் சொன்னார். என்னுடையதற்குப் புள்ளியையும் சுற்றிலும் நல்ல தோலில் கொஞ்சத்தையும் சேர்த்து வெட்டி எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினால் போதும். காலை எடுக்க வேண்டாம். ஆழமாக இறங்கியிருந்தால் தொடை இடுக்கில் இருக்கும் நெறிக்கட்டியையும் சோதிக்க வேண்டும். அதையும் தாண்டிப் பரவியிருந்தால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுகிற மருந்துகள் இருக்கின்றன. ஆனால் அது நீண்ட பாதை. எனக்கு நெறிக்கட்டி வீங்கவில்லை, ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை.

ஆபரேஷன் அன்று நம் அன்பியத்தில் எல்லாரும் ஜெபமாலை சொன்னீர்கள். நன்றாக முடிந்தது. சில நாள் கழித்து வெட்டி எடுத்ததன் ஓரத்தைப் பரிசோதித்த முடிவும் வந்தது. ஓரம் முழுக்கச் சுத்தம்! டாக்டர் சொன்னதும் நான் படுத்த படுக்கையிலேயே "தேவனுக்கு மகிமை" என்று கத்தியதில் பக்கத்துக் கட்டில் அம்மாவும் என்னவென்று தெரியாமலே கை தட்டினார்.

இரண்டு மாதம் காலை ஊன்றக் கூடாது. கடையில் என் வீட்டுக்காரர் தனியாக நின்றார். கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருக்கும் மாமி தினமும் கேட்டாராம்: "ஏம்ப்பா அந்தோணி, செல்வி எப்போ வருவா? நீ போடற மடிப்பு ஒண்ணும் சரியால்லையே!" இவர் வீட்டுக்கு வந்து கோபமாகச் சொல்வார், நானும் ஷீபாவும் விழுந்து விழுந்து சிரிப்போம். நான் திரும்பப் போன அன்று மாமி கீழே இறங்கி வந்து, புடவை மூட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு, என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்.

இப்போது நடக்கிறேன், நிற்கிறேன். கடையில் இடையிடையே உட்கார ஒரு ஸ்டூலும் வாங்கியாயிற்று. சொன்ன தேதிக்கெல்லாம் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுகிறேன். முன்பெல்லாம் எனக்கு ஜெபம் என்றால் இதைக் கொடும் அதைக் கொடும் என்று பட்டியல் வாசிப்பதுதான். நான் கேட்டதை அவர் கொடுக்கவில்லை. எனக்குத் தேவையானதைக் கொடுத்தார். டாக்டருடைய கண்ணும், அக்காவின் அதட்டலும் அவர் அனுப்பியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு பெண்களை உட்கார வைத்து உள்ளங்கால், உள்ளங்கை, நகம் எல்லாம் பார்க்கச் சொல்கிறேன். போன வாரம் எட்டுப் பேர் பெஞ்சில் வரிசையாகக் காலைத் தூக்கிக்கொண்டிருந்தோம். ஃபாதர் வந்து நின்று, "என்னம்மா இது, யோகா வகுப்பா?" என்றார். அவரையும் செருப்பைக் கழற்றச் சொன்னோம். கழற்றினார். சுத்தம்.

என் பிரியமானவர்களே, உங்களுக்கும் ஏதாவது புள்ளி மாறினால், ஆறாத புண் இருந்தால், நகத்தில் கறுப்புக் கோடு ஓடினால், பயத்தில் மூடி வைக்காதீர்கள். முழங்காலில் நின்று ஆண்டவரிடம் சொல்லுங்கள். எழுந்து நேராக டாக்டரிடம் போங்கள். துணைக்கு ஆள் இல்லையென்றால் என்னைக் கூப்பிடுங்கள், நான் வருகிறேன். எனக்கு இப்போது நன்றாக நடக்க முடியும்.