அடுத்த இதழ் வராத ஊரில் பரமேஸ் அக்கா

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. ஜெயா பேசினாள். பினாங்கு, பாயான் பாரு வாடகை வீட்டில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள்.

"அக்கா போயிட்டாங்க லா."

"எங்க?" என்று கேட்டேன்.

அவள் அழுதாள். அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது.

தொழிற்சாலை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. பரமேஸ்வரி அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயது.

எனக்கு முதலில் வந்தது கோபம். என் அறையில் அவர் போட்டுவைத்த பெட்டிகளை வரும் ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். இதே வாக்கைப் பல ஞாயிறுகளுக்குக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருக்கும். இந்த முறை காரணத்தோடு வாதாட வழியில்லை.

இதைப் படிப்பவர்களில் பலர் அவரோடு வேலை செய்தவர்கள். சிலர் சௌராஸ்தா பசார் மாடியில், பழைய புத்தகக் கடைகளில், ஒரே இதழின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு அவரோடு சண்டை போட்டவர்கள். நீங்கள் அவரைப் பற்றி இனிமையாகப் பேசிவிடலாம். நான் அவரோடு ஒரே வீட்டில் இருந்தவள்.

*

அது இரண்டு அறை வீடு. ஆறு பெண்கள். எல்லோருக்கும் ஒரே மின்னணுத் தொழிற்சாலை. மற்றவர்கள் உற்பத்தி லைனில், நான் அலுவலகத்தில். பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்துவிட்டு டைப் அடிக்க வந்திருந்தேன். அக்கா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏய் யுனிவர்சிட்டி" என்பார். அதில் பாதி மரியாதை, பாதி நக்கல். எந்தப் பாதி எப்போது என்று சொல்ல முடியாது.

வீட்டில் சுவர் தெரியாது. சுவரை ஒட்டிப் பெட்டிகள். தொழிற்சாலையில் கழித்துப் போட்ட அட்டைப்பெட்டிகள், மேலே உடையும் பொருள் என்று அச்சடித்தவை. உள்ளே அமெரிக்கச் சித்திரக்கதைகள். பறப்பவர்கள், சுவரை உடைப்பவர்கள், முகமூடிக்காரர்கள். சட்டைக்கு மேல் ஜட்டி போட்டவர்கள் என்று ஜெயா ஒருமுறை சொல்லிவிட்டு இரண்டு நாள் பேச்சு வாங்கினாள்.

அக்காவுக்குச் சட்டங்கள் இருந்தன. கை கழுவாமல் தொடக்கூடாது. மடிக்கக்கூடாது. சாப்பிடும்போது தொடக்கூடாது, அவர் மட்டும் தொடலாம். "எச்சி தொட்டுப் பக்கம் திருப்புனா இந்த வீட்டுல சோறு கெடையாது." சோறு வடிப்பது பெரும்பாலும் நான்தான் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

நிபோங் திபால் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். ஆங்கிலத்தை அந்தப் புத்தகங்களிலிருந்துதான் எடுத்துக்கொண்டார். அதனால் அவருடைய ஆங்கிலத்தில் நடுவாந்தரமான வாக்கியமே கிடையாது. எல்லாம் முழக்கம். ஒரு தீபாவளிக்கு முந்தின ஞாயிறு எல்லோரும் வேலைக்கு வர வேண்டும் என்று மேலாளர் அறிவித்தார். அக்கா லைனிலிருந்து எழுந்து, கையுறையைக் கழற்றி, "உன் கொடுங்கோலாட்சி இன்றோடு முடிந்தது" என்று தெளிவான ஆங்கிலத்தில் சொன்னார். அந்த மனிதர் வெலவெலத்துப்போனார். அது மிரட்டல் அல்ல, சித்திரக்கதை என்று விளக்கி நான் ஒரு முழுப்பக்கக் கடிதம் டைப் அடிக்க வேண்டியிருந்தது.

"நல்லா எழுதியிருக்க," என்றார் அக்கா படித்துவிட்டு. "ஆனா கொஞ்சம் பயந்த மாதிரி இருக்கு."

*

பினாங்கில் அந்தக் காலத்தில் இந்தப் புத்தகங்கள் வரிசையாக வராது. கப்பலில் வந்தது வந்ததுதான். ஒரு கதையின் முதல் பாகம் கிடைக்கும், மூன்றாவது கிடைக்கும், இரண்டாவது ஈப்போவில் யார் வீட்டுக் கட்டிலுக்கடியிலோ இருக்கும். சாதாரண மனிதர்கள் இதை ஏற்றுக்கொண்டு வேறு வேலை பார்ப்பார்கள்.

அக்காவிடம் ஓர் இதழ் இருந்தது. நீல மேலங்கி போட்ட ஒரு வீராங்கனை. அவளை அக்கா "என் ஆளு" என்பார். கடைசிப் பக்கத்தில் என் ஆளு கடலுக்கடியில் ஒரு சுரங்கத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருப்பாள். தண்ணீர் ஏறுகிறது. கடைசிக் கட்டத்தில் தண்ணீர் உதட்டைத் தொடுகிறது. கண்கள் மட்டும் பெரிதாக. அடுத்த இதழில் பார்க்கவும்.

அடுத்த இதழ் வரவில்லை. வருடக்கணக்காக வரவில்லை.

"எப்படியும் தப்பிச்சிருப்பா லா அக்கா," என்றாள் ஜெயா. "கதாநாயகி சாவாளா?"

"நீ பாத்தியா?"

"இல்ல, ஆனா..."

"பாக்காம சொல்லாத."

இதில் அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை. நான் கல்வியை உபயோகித்துப் பார்த்தேன். முடிவில்லாமல் நிற்பதே ஒரு முடிவுதான், நவீன இலக்கியத்தில் அப்படித்தான், வாசகர் மனதில் அது நிறைவடைகிறது என்றேன். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"உன் வாய் வரைக்கும் தண்ணி ஏறி இருக்கும்போது வந்து இதச் சொல்லு."

*

வெளிநாட்டில் இதற்கென்று மாநாடுகள் நடக்கின்றன என்பதை அந்தப் புத்தகங்களின் வாசகர் கடிதப் பக்கத்திலிருந்து தெரிந்துகொண்டார். எல்லோரும் அவரவர் பெட்டியோடு வருவார்கள். மாற்றிக்கொள்வார்கள். சண்டை போடுவார்கள். பிடித்த ஆளைப் போல உடுத்திக்கொள்வார்கள். நாமும் கூட்டினால் அடுத்த இதழ் வைத்திருப்பவர் வராமலா போவார்? இதுதான் அக்காவின் கணக்கு. மாநாடு முழுவதும் அந்த ஒரே இதழுக்காக. ஈப்போ, தைப்பிங் பழைய புத்தகக் கடைகளில்கூட நோட்டீஸ் ஒட்டினார். எழுதியவள் நான்.

மண்டபம் வேண்டும். டத்தோ கிராமாட் பக்கம் ஒரு சங்கத்தின் மாடி மண்டபம் பகல் ஒரு மணி வரை கிடைத்தது. அதன் பிறகு அங்கே ஒரு கல்யாண விருந்து. சங்கத் தலைவர் நல்ல மனிதர். மாநாடு என்றால் என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரியும். அங்கேதான் தொல்லை.

"மேடை வேணாம் தலைவரே," என்றார் அக்கா. "மேசை போதும்."

"மேடை இல்லாம மாநாடா? என்னம்மா பேசுற? திறந்து வைக்க யாரு வராங்க?"

"தொறந்துதானே இருக்கும், கதவு."

அவர் சிரித்துவிட்டு டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பிரமுகருக்குச் சொல்லியனுப்பினார். குத்துவிளக்கு, கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை. அக்கா செயலாளர் ஆக்கப்பட்டார். அதனால் மேடையில் உட்கார வேண்டும். கடைசியில் நன்றி சொல்ல வேண்டும். அதனால் நடுவில் எழுந்திருக்கக்கூடாது. பெட்டிகள் மேடைக்குப் பின்னால் போயின. மேசைகளுக்கு வெள்ளைத் துணி விரிக்கப்பட்டது. டத்தோ தேநீர் குடிக்கும்வரை மேசையில் எதையும் வைக்கக்கூடாது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு ஞாயிறு. பத்து மணிக்குக் கூட்டம். முப்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். எனக்கு ஆச்சரியம்தான். சீன மாணவர்கள், ஓர் அலுவலகத்து மலாய் கிராணி, எங்கள் லைன் பெண்கள், பேண்ட்டுக்கு மேல் சிவப்பு நீச்சலுடை போட்டுக்கொண்டு வெட்கத்தோடு நின்ற ஒரு வங்கி ஊழியர். எல்லோர் மடியிலும் பை. யாரும் திறக்க முடியாது. டத்தோ வரவில்லை.

அக்கா பட்டுச்சேலை கட்டி, அதற்கு மேல் தோளில் நீல மேலங்கியைப் பின் குத்தியிருந்தார். ஜன்னல் திரைத் துணி. எங்கள் அறை ஜன்னல்.

பதினொன்றே காலுக்கு டத்தோவின் காடி வாசலில் வந்து நின்றது. அதே நேரத்தில் படியேறி வந்தார் ஈப்போக்காரர். சீனர், வயதானவர், கையில் ஒரு தோல் பை. வரவேற்பு மேசையில் இருந்த என்னிடம் நோட்டீஸைக் காட்டினார். பிறகு பையைக் கொஞ்சமாகத் திறந்தார். நீல மேலங்கி. அட்டையில் அடுத்த எண்.

அக்கா சந்தனத்தட்டோடு பக்கத்தில் நின்றிருந்தார். பார்த்துவிட்டார்.

"பரமேஸ்வரி! டத்தோ வந்துட்டாரு!" என்றார் தலைவர்.

*

மேடையில் டத்தோவுக்கு மாலை. செயலாளருக்கும் ஒரு மாலை போட்டார்கள். பொன்னாடையோடு வந்த தலைவரின் மனைவி அக்காவின் முதுகைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இவங்களுக்கு ஏற்கெனவே போத்திட்டாங்களா?"

"அது வேற, அக்கா," என்றார் பரமேஸ் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு. அதற்கு மேல் இன்னொன்றைப் போர்த்தினார்கள்.

டத்தோ பேசினார். ஒற்றுமை பற்றி. போதைப்பொருள் பற்றி. பிறகு, இளைஞர்கள் இந்தப் படக்கதைகளை எல்லாம் விட்டுவிட்டு நல்ல நூல்களைப் படிக்க வேண்டும் என்றார். தலைவர் கைதட்டினார். எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆனால் இடம் அதுவல்ல.

ஈப்போக்காரருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். கடலைத் தாண்டி பட்டர்வொர்த்திலிருந்து அவருக்கு ஊருக்கு பஸ். இன்னொரு முறை பார்த்தார். எழுந்தார். மேடையை நோக்கி மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

அக்காவின் முகத்தை நான் பார்த்தேன். டத்தோ, "இறுதியாக ஒன்று" என்றார். அவர் அதைச் சொன்னது மூன்றாவது தடவை.

அக்கா எழுந்தார். மேடையிலிருந்து இறங்கி, நடுவழியாக நடந்து, என் மேசைக்கு வந்தார்.

"ஏய் யுனிவர்சிட்டி. மோட்டார் சாவிய எடு."

"நன்றியுரை?"

"நீ வேணா சொல்லிட்டு வா."

என் பழைய மோட்டாரில் துறைமுகத்துக்குப் போனோம். பின்னால் மாலையும் பொன்னாடையும் திரைச்சீலையும் காற்றில் அடித்துக்கொண்டன. திரை சக்கரத்தில் சிக்கிவிடும் என்று நான் கத்தினேன். "ஓட்டு லா!" என்று அவர் கத்தினார். ஒரு டாக்சிக்காரர் ஹாரன் அடித்து வாழ்த்தினார். கல்யாணத்திலிருந்து ஓடும் பெண் என்று நினைத்திருப்பார். அப்படியென்றால் மாப்பிள்ளை நான்.

ஃபெரி புறப்படும் மணி அடித்துக்கொண்டிருந்தது. மேல்தளத்தில் அவரைக் கண்டுபிடித்தோம். அக்காவுக்கு மூச்சு வாங்கியது. கையை மட்டும் நீட்டினார்.

ஈப்போக்காரர் அந்தக் கையைப் பார்த்தார். சந்தனம், குங்குமம். தன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார்.

"துடைங்க," என்றார் மலாயில். "படிக்கலாம். மடிக்கக்கூடாது. பட்டர்வொர்த் வரைக்கும்தான்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "மனுசன்னா இவருதான்," என்றார்.

கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து நின்று படித்தார். ஒரு தேநீர் குடிக்கிற நேரம்தான் அந்தக் கடல். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு புருவம் ஏறியது. பிறகு முகத்தின் நிறம் மாறியது.

"பொம்மை," என்றார்.

"என்ன?"

"தண்ணிக்குள்ள இருந்தது பொம்மையாம் லா! இயந்திரப் பொம்மை! அவ வேற ஊருல உக்காந்திருக்கா! இந்தப் பொம்மைக்கா நான் இத்தன வருசம் தூக்கம் கெட்டேன்?"

பக்கத்தில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. அக்கா கவனிக்கவில்லை. வெறுப்போடு மற்ற பக்கங்களைப் புரட்டினார். மடிக்காமல்தான். கடைசிப் பக்கத்தில் கை நின்றது. அங்கே என் ஆளு ஒரு கதவைத் திறக்கிறாள். உள்ளே யார் என்று நமக்குக் காட்டவில்லை. அவள் முகம் மட்டும். சிரிக்கிறாளா, அழப்போகிறாளா என்று சொல்ல முடியாத முகம். அடுத்த இதழில் பார்க்கவும்.

அக்கா நிமிர்ந்து ஈப்போக்காரரைப் பார்த்தார். அவர் உதட்டைப் பிதுக்கினார். அவரிடமும் இல்லை. அவரும் அதற்காகத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தார்.

*

திரும்பி வந்தபோது மண்டபத்தில் கல்யாணத்துக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். டத்தோ போய்விட்டார். நம் ஆட்கள் போகவில்லை. மாடிப்படியிலும் கீழே கடைகளின் முன் ஐந்தடி நடைபாதையிலும் பெட்டிகளைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார்கள். கூச்சல். பேரம். பிரியாணி அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் எல்லோரையும் திட்டினார்கள்.

"டத்தோவ அவமானப்படுத்திட்டியேம்மா!" என்றார் தலைவர்.

"அவருதான படிக்காதீங்கன்னாரு, தலைவரே. இருந்து கேட்டா எனக்குத்தான் அவமானம்."

பிறகு மூன்றாவது படியில் ஏறி நின்று கதையைச் சொன்னார். தமிழ், மலாய், முழக்க ஆங்கிலம். தண்ணீர் ஏறுவதைக் கையால் காட்டினார். பொம்மை என்றபோது எல்லோரும் சேர்ந்து காறித் துப்புவதுபோல ஓர் ஓசை எழுப்பினார்கள். கதவு திறந்தபோது அண்டாவைத் தூக்கியவர்கள்கூட நின்றுவிட்டார்கள்.

"அவளோட அப்பாவா இருக்கும்," என்றார் நீச்சலுடைக்காரர் மெதுவாக.

அக்கா என்ன கேட்டிருப்பார் என்று உங்களுக்குத் தெரியும்.

அந்தச் சங்கம் பிறகு எங்களுக்கு மண்டபம் தரவில்லை. வேறெந்தச் சங்கமும் தரவில்லை. அக்கா ஒவ்வொரு விடுமுறைக்கும் பஸ் ஏறி ஏதாவது ஓர் ஊருக்குப் போய் வெறுங்கையோடு வருவார். வெறுங்கை என்றால் அந்த இதழ் இல்லாமல். மற்ற இதழ்கள் ஒரு பெட்டிக்குக் குறையாமல் வரும். நான் வேலை மாறி டத்தோ கிராமாட்டில் தனியறை எடுத்தபோது, "கொஞ்ச நாளைக்கு" என்று அவற்றில் பாதி என் பின்னாலேயே வந்தன.

அடக்கம் நிபோங் திபால் தோட்டத்தில் நடந்தது. முடிந்ததும் அவருடைய தம்பி, பெட்டிகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. இப்போது மீதிப் பாதியும் என் அறையில். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் பக்கவாட்டில்தான் நடக்க முடிகிறது.

பெட்டிகள் இடத்தை அடைக்கின்றன; அவ்வளவுதான். அக்காவிடமிருந்து நான் உண்மையாக வைத்துக்கொண்டது ஓர் எரிச்சலை. முடிவில்லாமல் நிற்பதும் ஒரு முடிவு என்று இப்போது யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் புத்தகங்கள் எனக்கு இன்றும் பிடிக்காது. வசனம் மோசம். பொம்மை அதைவிட மோசம். ஆனால் அந்தக் கதவுக்குள் யார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

உங்களில் யாரிடமாவது அந்த இதழ் இருந்தால் கொண்டுவாருங்கள். கை கழுவிவிட்டு உங்கள் முன்னாலேயே முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுகிறேன். இதழ் இல்லாதவர்கள், தயவுசெய்து, யாராக இருக்கும் என்று சொல்ல வராதீர்கள்.