பின்சீட்டில் நோரீன்

எங்கள் தெற்குக்கரை சைக்கிள் சங்கத்தில் எனக்கு மூன்று வேலை. மாதம் ஒருமுறை சங்கத்தின் செய்திமடலை எழுதுவது ஒன்று. எந்தப் பாதையில் மரம் விழுந்திருக்கிறது, யாருக்குப் பேரன் பிறந்திருக்கிறான், யாருடைய பம்ப் வழியில் விழுந்து கிடந்தது, எல்லாம் அதில் வரும். ஞாயிற்றுக்கிழமை சவாரியில் கடைசி ஆளாக வந்து, யாரும் வழியில் விடுபட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது இரண்டாவது. மூன்றாவது, நோரீன் பாஸ்கோவுக்கு முன்சீட் ஆள் பிடித்துக் கொடுப்பது. முதல் இரண்டையும் யார் வேண்டுமானாலும் செய்யலாம். மூன்றாவதைச் செய்து பார்த்தால்தான் என் இரத்தக் கொதிப்புக்குக் காரணம் புரியும்.

நோரீனுக்குக் கண் தெரியாது. ஐம்பது வயதில் மங்க ஆரம்பித்து, சில வருடங்களில் முழுக்கப் போய்விட்டது. இப்போது எழுபதை எட்டப் போகிறாள். சங்கத்திடம் ஓர் இரட்டைச் சைக்கிள் இருக்கிறது. முன்சீட்டில் இருப்பவர் ஹேண்டில்பார், பிரேக், கியர் மூன்றையும் பார்த்துக்கொள்வார். பின்சீட்டில் இருப்பவர் செய்ய வேண்டியது இரண்டே: மிதிக்க வேண்டும், முன்னால் இருப்பவரை நம்ப வேண்டும். மிதிப்பதில் நோரீனை அடித்துக்கொள்ள ஆளில்லை. நம்புவதுதான் அந்த ஜென்மத்துக்கு வராது.

புதிதாக யார் முன்சீட்டில் உட்கார்ந்தாலும் முதல் பாட்டு இதுதான்.

"இங்க பாரு, மேடு வந்தா சொல்லு, பள்ளம் வந்தா சொல்லு. கியரை மாத்துறதுக்கு முன்னாடி சொல்லு. மாத்தினப்புறம் சொல்லாதே, அது என் முட்டிக்கே தெரியும். ஒண்ணும் வரலைன்னா, ஒண்ணும் வரலைன்னு சொல்லு."

ஒன்றும் வராததை எத்தனை தரம் சொல்வது? ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். பாவம், இத்தனை நாள் தனிச் சைக்கிள் ஓட்டிய பழக்கத்தில், இறங்கும்போது காலைப் பின்பக்கமாக வீசி நோரீனின் தாடையில் ஓர் உதை விட்டார். அதைக்கூட அவள் மன்னித்துவிட்டாள். வேகத்தைக் குறைப்பதைச் சொல்லவில்லை என்பதைத்தான் மன்னிக்கவில்லை. அப்புறம் ஒரு நர்ஸ் வந்தாள், பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கொண்டு போனாள். பேசாமலிருக்க வழிநெடுகப் பாட்டுப் பாடிய ஒருவரும் வந்தார். பதிலுக்கு நோரீனும் பாட ஆரம்பித்ததும் அவரும் கும்பிடு போட்டுவிட்டார். இப்படி ஆறேழு பேர். ஒவ்வொருவர் போகும்போதும் ஃபோன் எனக்குத்தான் வரும். நான்தான் அடுத்த பலியாட்டைத் தேட வேண்டும்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை என்பார் என் கணவர். கண் போகும் வரை அடிலெய்டில் ஒரு டாக்சி கம்பெனியின் ரேடியோ அறையில் இருந்தவள் அவள். மைக்கைப் பிடித்துக்கொண்டு, வண்டிகளை இங்கே போ, அங்கே திரும்பு என்று விரட்டுவதும், ஒவ்வொரு டிரைவரும் பதில் சொல்கிறானா என்று கேட்டுக்கொண்டிருப்பதும்தான் பிழைப்பு. அப்படி ஆயுள் முழுக்க ஆட்டிவைத்த வாய், பின்சீட்டில் உட்கார்ந்ததும் சும்மா இருக்குமா? என் கணவருக்கென்ன, வீட்டில் உட்கார்ந்துகொண்டு நியாயம் பேசுவார்.

கடைசியாக வெய்ன் வந்தான். பாலாடைக்கட்டிக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். வாட்டசாட்டமான ஆள், ஆனால் வாயைத் திறக்கக் காசு கேட்பான். எருமை மாட்டின் மேல் மழை பெய்தது போல நோரீனின் திட்டையெல்லாம் முதுகில் வாங்கிக்கொண்டு ஓட்டுவான். "மேடு" என்பான். "பள்ளம்" என்பான். அதுவும் பாதி நேரம் மேடு போன பிறகு சொல்வான். ஆனாலும் கோடை, குளிர் எல்லாம் தாண்டி நின்றுவிட்டான். அப்பாடா என்று நானும் ஓய்ந்திருந்தேன்.

அதற்குள் சங்கக் கமிட்டி ஒரு முடிவு எடுத்திருந்தது. வெய்னும் போய்விட்டால் இனி ஆள் தேட வேண்டாம், இரட்டைச் சைக்கிளை நகரத்தில் கேட்டுக்கொண்டிருக்கும் வேறொரு சங்கத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று. கொட்டாவி விட்டுக்கொண்டே கையைத் தூக்கினார்கள். நோரீனிடம் இதைச் சொன்னது யார்? வேறு யார், நான்தான். கேட்டுவிட்டு அவள் சொன்னது ஒன்றுதான்.

"அப்ப வெய்ன்தான் கடைசி."

அக்டோபர் மாதம், எங்கள் ஊருக்கு வசந்த காலம், ஒரு ஞாயிறு. மெக்லாரன் வேல் என்ற ஊரில் கார்களை நிறுத்திவிட்டு, தண்டவாளத்தை எடுத்துச் சைக்கிள் பாதையாக்கிய பழைய ரயில் பாதை வழியாக, மேலே வில்லுங்கா என்ற ஊர் வரை ஏறி, அங்கே பேக்கரியில் சாப்பிட்டுவிட்டு இறங்குவதாக ஏற்பாடு. காரின் தலையிலிருந்து சைக்கிளை இறக்கிவைத்த வெய்ன் என் பக்கம் வந்து நின்றான். தாடியைச் சொறிந்தான்.

"கிளெனிஸ், இன்னியோட சரி."

"என்னடா சரி?"

"முடியலை. கனவுல கூட மேடு, பள்ளம்னு சொல்றேனாம். பொண்டாட்டி சிரிக்கிறா. இறங்கி வந்ததும் அவங்ககிட்ட நானே சொல்லிடறேன். நீங்க எதுவும் காட்டிக்காதீங்க."

ஒரு மாதத்துக்கான பேச்சை ஒரே மூச்சில் பேசிவிட்டுப் போனான். நோரீன் சற்றுத் தள்ளி நின்றுகொண்டு, தலைக்கவசத்தின் வாரைத் தடவிக்கொண்டிருந்தாள். வெய்ன் போய் அவளுக்குக் கையுறையை மாட்டிவிட்டான்.  இவன் ஒருவனாவது தாக்குப்பிடிப்பான் என்று பார்த்தால், இவனுமா?

ஏறும்போதே வினை வந்தது. ஓரிடத்தில் யூகலிப்டஸ் வேர் பாதையின் தாரைத் தூக்கிவிட்டிருந்தது. வெய்ன் சொல்லவில்லை. சைக்கிள் எகிறியது. பின்சீட்டில் ஆரம்பித்த அர்ச்சனை வில்லுங்கா வரை ஓயவில்லை. பேக்கரி வாசலில் எல்லாரும் கிச்சனர் பன்னைக் கடித்துக்கொண்டு, ஜாமும் க்ரீமும் வழிய உட்கார்ந்திருந்தோம். அங்கேயும் அவள் விடவில்லை.

"வேர் இருக்கு நோரீன்னு சொல்ல எவ்வளவு நேரமாவும்? மூணு வார்த்தை! வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

வெய்ன் பன்னைக் கீழே வைத்தான்.

"நோரீன், போறப்பவாவது கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு வர்றீங்களா?"

 நோரீன் உதட்டில் ஒட்டியிருந்த க்ரீமைத் துடைத்தாள்.

"சரி," என்றாள்.

அவள் கத்தியிருந்தால்கூட நான் பயந்திருக்க மாட்டேன்.

இறங்கும்போது எல்லாரும் முன்னே போய்விட்டார்கள். கடைசி ஆளான எனக்கு ஒரு மேக்பை வந்து வாய்த்தது. வசந்தம் வந்தால் அந்தப் பறவைக்குக் கூடுதான் உலகம், சைக்கிளில் வருகிறவரெல்லாம் திருடர். அதை விரட்டத் தலைக்கவசம் முழுக்க பிளாஸ்டிக் முட்களைக் குத்திவைத்துக்கொண்டு முள்ளம்பன்றி மாதிரிதான் போகிறோம், அதற்கும் அது அசைவதில்லை. இரண்டு தரம் காதோரம் வந்து கொத்தியது. இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, அதைத் திட்டியபடி நடந்தேன். மறுபடி ஏறி மிதித்து, பாதை ஒரு சாலையைக் கடக்கும் இடத்துக்கு வந்தேன். அங்கே மோட்டார் சைக்கிள்கள் நுழையாமலிருக்க வளைந்து நெளிந்த இரும்புத் தடுப்பு ஒன்று. யாரோ ஒரு மேதாவி போட்டது. தனிச் சைக்கிளே திணறும். இரட்டைச் சைக்கிள் என்றால் பின்சீட் ஆள் இறங்கி நடக்க வேண்டும், முன்சீட் ஆள் சைக்கிளைத் தூக்கி அப்பால் வைக்க வேண்டும்.

அந்தத் தடுப்பின் கம்பத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு நோரீன் நின்றிருந்தாள். தனியாக. ஜாக்கெட்டில் ஒரு கை மட்டும் நுழைந்திருந்தது.

"கிளெனிஸ்தானே? உன் சங்கிலிக்கு எண்ணெய் போடுடி, அழுவுது."

"நோரீன்! வெய்ன் எங்கே?"

"போயிட்டான்."

"எங்கே போயிட்டான்?"

"கீழே. இறக்கத்துல நல்ல வேகமா போனான். பின்னாடி கேரியர்ல பையைப் போட்டுட்டு ஜாக்கெட் மாட்டிக்கலாம்னு நின்னேன். பை விழுந்த சத்தத்தை நான் உட்கார்ந்த சத்தம்னு நினைச்சுட்டான் போல."



"சக்கரம் நகர்றது உனக்குக் கேட்டுதா?"

"காது நல்லா இருக்கே."

"அப்ப ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல? ஏய்னு ஒரு சத்தம்! நின்னிருப்பான்ல!"

"வாயை மூடிக்கிட்டு வரச் சொன்னான். மூடிக்கிட்டேன்."

இவளை என்ன செய்வது? அந்தக் கம்பத்தில் என் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. வாழ்நாள் முழுக்க மூடாத வாயை மூட இந்த ஒரு நிமிஷம்தானா கிடைத்தது! வெய்னுக்கு ஃபோன் செய்தேன். அவன் ஃபோன் காரிலேயே கிடக்கும் என்று எனக்கும் தெரியும்.

"வா, என் கையைப் பிடிச்சுக்க. வில்லுங்காவுக்கே நடந்துரலாம். அங்கேருந்து யாரையாவது காரைக் கொண்டுவரச் சொல்றேன்."

"நான் வரலை. ஆள் தொலைஞ்சா நின்ன இடத்துலயே நிக்கணும். என் டிரைவருங்களுக்கெல்லாம் அப்படித்தான் சொல்வேன். அவன் திரும்பி வந்து இங்க நான் இல்லைன்னா?"

"வராமலே போனா?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நோரீன் தடுப்புக் கம்பியை விரலால் சுரண்டினாள்.

"இன்னியோட நின்னுக்கப் போறான், இல்ல?"

நான் குனிந்து என் சங்கிலியைப் பார்த்தேன்.

"காலைல எனக்குக் கையுறையை மாட்டிவிட்டான்டி. விட்டுட்டுப் போறவங்க எல்லாரும் அன்னிக்குக் காலைல ரொம்ப நல்லவங்களா இருப்பாங்க. அந்த நர்ஸ் பொண்ணு எனக்குக் கேக் சுட்டுக்கிட்டு வந்தா." மறுபடி கம்பியைச் சுரண்டியபடி, "பேசாம நிக்காதே கிளெனிஸ். எதையாவது சொல்லு," என்றாள்.

என்ன சொல்வது? திராட்சைத் தோட்டம் துளிர் விட்டிருக்கிறது என்றேன். வானத்தில் மேகம் இல்லை என்றேன். கீழே பாதையில் யாரும் வரவில்லை என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். நோரீனின் வாய் கோணியது. இத்தனை வருடத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு அவள் மேல் கோபம், வெய்ன் மேல் கோபம், கொட்டாவி விட்டுக் கைதூக்கிய கமிட்டி மேல் கோபம். எல்லாம் போக, அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. அதனாலேயே இன்னும் எரிச்சல்.

நான் பார்ப்பதற்கு முன்னாலேயே அவள் தலை நிமிர்ந்தது.

"வர்றான்."

அதற்குள் குரல் வந்துவிட்டது. வெய்னுக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறதென்றே அன்றுதான் தெரியும்.

"நோரீன்! நான்தான்! வெய்ன்! வந்துட்டேன்! வளைவுல இருக்கேன்! இப்ப நேரா வர்றேன்! நீங்க கம்பத்துக்கிட்ட நிக்கிறீங்க, பார்த்துட்டேன்! அங்கேயே நில்லுங்க! கியர் மாத்தறேன்! பிரேக் புடிக்கிறேன்! நிறுத்திட்டேன்! இறங்கிட்டேன்!"

தனி ஆளாக அந்த நீளச் சைக்கிளை ஏற்றத்தில் மிதித்து வந்திருக்கிறான். முகம் பீட்ரூட்டாக இருந்தது. சைக்கிளைத் தடுப்பில் சாய்த்துவிட்டு மூச்சு வாங்கினான்.

"எவ்வளவு தூரம் போனே?" என்றாள் நோரீன்.

"ஓடைப் பாலம் வரைக்கும்."

"அவ்வளவு தூரமா! பின்னாடி ஆள் இல்லாதது தெரியலையா உனக்கு?"

"இறக்கம்ல, கனம் தெரியலை. நீங்களும் பேசலை. முதல்ல நல்லா இருந்துச்சு." அவன் என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன். "சரி, இப்பவே சொல்லிடலாம்னு சொல்ல ஆரம்பிச்சேன். இன்னியோட நின்னுக்கறேன்னு. எல்லாத்தையும் சொன்னேன். பாலம் வந்துடுச்சு. நீங்க திட்டவே இல்லை."

"ம்."

"திட்டலைன்னதும் பயமாயிடுச்சு நோரீன். ஏதாவது பேசுங்கன்னு கத்தினேன். பதிலே இல்லை. பின்னாடி யாருமே இல்லாத மாதிரி இருந்துச்சு."

"யாரும் இல்லைதானேடா?"

"ஆமா."

நோரீன் கம்பத்திலிருந்து கையை எடுத்தாள்.

"எனக்கு முன்னாடி எப்பவும் அப்படித்தான் இருக்கு," என்றாள். "நீ பேசினா ஆள் இருக்கு. பேசலைன்னா, சைக்கிள் மட்டும் தானா போவுது."

வெய்ன் தாடியைச் சொறிந்தான். எனக்கு அவன் முதுகில் ஒன்று போடலாம் போலிருந்தது. இப்போதுமா மௌனம்!

"ஜாக்கெட்டோட இன்னொரு கை உங்க இடது பக்கம் தொங்குது," என்றான் கடைசியில். "புடிச்சுக்கறேன், போட்டுக்குங்க."

அவள் போட்டுக்கொண்டாள்.

"சரி, பின்சீட் என்ன பதில் சொல்லுச்சு, நின்னுக்கறேன்னதுக்கு?"

"ஒண்ணும் சொல்லலை."

"மௌனம் சம்மதம்னு நினைச்சுக்காதே. என் மௌனத்துக்கு அப்படி அர்த்தம் கிடையாது. நல்லா கேட்டுக்க, எனக்குச் சம்மதம் இல்லை. ஆனா போறதுன்னா போ. கையுறையெல்லாம் மாட்டிவிடாதே."

வெய்ன் சைக்கிளை நிமிர்த்தினான். ஏறி உட்கார்ந்து, பின்சீட்டைக் கையால் தட்டிக் காட்டினான். அப்புறம் ஞாபகம் வந்து, வாயாலும் சொன்னான்.

"சீட் இங்க இருக்கு. வலது பெடல் மேல இருக்கு. ஏறுங்க."

நோரீன் ஏறினாள். வெய்ன் தலையைத் திருப்பி முழுசாகப் பார்த்தான். கண்ணால் பார்த்தும் நம்பாமல் கேட்டான்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன். ஓட்டு."

கிளம்பினார்கள். நான் கடைசியாகப் பின்னால் போனேன். மெக்லாரன் வேல் வரை அந்தக் காட்டுக்கத்தல் என் காதைத் துளைத்தது. கல்லுக்கு ஒரு கூச்சல், இலைக்கு ஒரு கூச்சல், ஒன்றுமே வராததற்கு ஒரு கூச்சல். நடுநடுவே, "இலையெல்லாம் எதுக்குடா சொல்றே, நான் என்ன ஆடா?" என்று அவள் வேறு. என் மண்டை வலித்தது. ஓடைப் பாலம் வந்ததும், பாதை தேய்த்து வைத்த மாதிரி சமமாக இருந்தும், வெய்ன் வேகத்தைக் குறைத்தான்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்டா. அடுத்த ஞாயிறும் இருப்பேன். நீ இருப்பியா, அதைச் சொல்லு."

பாலத்தின் பலகைகள் தடதடத்தன. அந்தச் சத்தம் ஓய்ந்த பிறகு அவன் குரல் கேட்டது.

"இருப்பேன். கியர் மாத்தறேன்."