மருந்தை எங்கே வைத்தாள்?

முதலில் ஒரு திருத்தம். நம் பள்ளித் தோழிகள் க்ரூப்பில் நேற்றிலிருந்து ஓடுவதுபோல, நான் அந்தக் காலத்தில் 'புருஷனைக் கொன்றவளுக்குச் சாட்சி சொன்னவள்' அல்ல. கோர்ட் படியை நான் மிதித்ததே இல்லை. ஒரு வாக்கியத்தில் ஒரு சொல் குறைகிறது என்று சொன்னேன், அவ்வளவுதான்.

சூலூர் மில்காரர் இறந்த வழக்கில் டிவிக்காரர்கள் தினமும் அவர் மனைவியைக் கூண்டில் ஏற்றுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று க்ரூப்பில் எழுதினேன். அதற்குக் கிடைத்த பட்டம் இது. ஆகவே நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

கணபதியில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்கென்று ஒரு வாசனை இருந்தது. பக்கத்து லேத் பட்டறையிலிருந்து வரும் சூடான இரும்பும் எண்ணெயும் கலந்த வாசனை. காலையில் காபி டம்ளரை எடுத்தால் அதிலும் கொஞ்சம் இருக்கும்...

எனக்குக் கல்யாணமான புதிது. டவுனில் ஒரு பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர் வேலை. அடுத்த வீட்டில் சரசு. அவள் வீட்டுக்காரர்தான் பட்டறை முதலாளி. பெரிய மீசை, பெரிய குரல், நெஞ்சு நிறைய இளைப்பு. இரண்டு பேருக்கும் சண்டை வரும். ஒற்றைச் செங்கல் சுவர், எல்லாம் கேட்கும். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஒரு நாள் சரசு தங்கை வளைகாப்புக்காகச் சோமனூர் போனாள். மறுநாள் காலையில் வந்து கதவைத் திறந்தால் அவர் கட்டிலில் இறந்து கிடக்கிறார்.

லைனே கூடிவிட்டது. அவள் அழவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"நாந்தானுங்க மருந்து வெச்சுப்போட்டுப் போனேன்... நாந்தானுங்க வெச்சுப்போட்டுப் போனேன்..."

நம் பக்கத்தில் மாத்திரையும் மருந்து, பருத்திக்கு அடிப்பதும் மருந்து. ஒருவன் மருந்து குடித்துவிட்டான் என்றால் யாரும் மாத்திரையை நினைப்பதில்லை. ஒருத்தி புருஷனுக்கு மருந்து வைத்தாள் என்றாலோ, கேட்கவே வேண்டாம்.

நான் மற்றப் பெண்களோடு உள்ளே போனேன். ஜன்னல் திட்டில் ஒரு டம்ளர் தண்ணீர். அதன்மேல் மூடியாக ஒரு சின்னத் தட்டு. தட்டில் வெள்ளை மாத்திரைகள், தொடாமல் அப்படியே.

நான் பள்ளிக்குப் பஸ் ஏறுவதற்குள் வாக்கியம் வளர்ந்துவிட்டது. முன் சீட்டு அம்மா பக்கத்துச் சீட்டிடம் சொன்னார்:

"கேட்டீங்களாக்கா, சோத்துல மருந்து வெச்சுப்போட்டாளாமா."

அந்த அக்கா சற்று யோசித்தார். "சோத்துல வெச்சா நாறுமல்லோ. ரசத்துலயா இருக்குமுங்க."

சாயங்காலம் திரும்புகிற பஸ்ஸில் அது பருத்தி மருந்து என்று முடிவாகி, அதை வாங்கின கடையும் தெரிந்து, சரசுவுக்குச் சோமனூரில் ஒரு ஆளும் கிடைத்திருந்தான். மறுநாள் பேப்பரில் 'மருந்து வைத்தேன்' என்று பெரிய எழுத்தில் வந்தது. பேப்பரை நானும் கடைசி வரி வரை படித்தேன். எல்லோரையும் போல எனக்கும் தெரிந்தே ஆக வேண்டும் என்றிருந்தது.

இன்ஸ்பெக்டர் லைனில் வீடு வீடாக விசாரித்தார். ஆளாளுக்கு அதே வாக்கியத்தை ஒப்பித்தார்கள். என் முறை வந்தபோது என் வீட்டுக்காரர், "உனக்கெதுக்கு அம்மணி?" என்று காதருகே சொன்னார். நான் இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன்.

"எங்க வெச்சாங்கன்னு கேட்டீங்களாங்க?"

"வெச்சேன்னா வெச்சதுதானுங்களே, டீச்சர்."

"சோத்துலயா, ஜன்னல்லயா? அது தெரியாம வாக்கியம் முடியலைங்க."

கான்வென்ட்டில் சிஸ்டர் எங்கள் நோட்டில் சிவப்புப் பென்சிலால் 'எங்கே?' என்று எழுதித் திருப்பிக் கொடுப்பார். அதற்குப் பதில் எழுதாமல் அடுத்த வரிக்குப் போக முடியாது. அந்தப் பழக்கம்தான்.

இன்ஸ்பெக்டர் எழுந்துபோய் சரசு வீட்டு ஜன்னல் திட்டைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. சாவு வீட்டில் பிடித்து வைத்த தண்ணீரைக் கொட்டிவிடுவார்களே... யாரோ கொட்டிவிட்டு, டம்ளரையும் தட்டையும் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். மாத்திரையும் அதோடு போயிற்று.

பிறகு பிரேதப் பரிசோதனை முடிவு வந்தது. வயிற்றில் விஷம் இல்லை, மாத்திரையும் இல்லை, இளைப்பில் மூச்சடைத்துப் போயிருக்கிறார். போலீஸ் அவளை விட்டுவிட்டது. பஸ் விடவில்லை. 'மருந்து வெச்சவ' என்ற பெயரோடு பட்டறையை விற்றுவிட்டு எங்கோ போனாள். எங்கே என்று எனக்குத் தெரியாது.

அன்றைக்கு ஒரு வாக்கியம் வளர்வதற்குப் பஸ் வர வேண்டும், ஜன்னலோரம் இடம் கிடைக்க வேண்டும், பேசுகிறவர் முகத்தை நாலு பேர் பார்ப்பார்கள். இன்றைக்குப் படுத்துக்கொண்டே அனுப்பிவிடலாம்.

சூலூர்க்காரி செய்தாளா, இல்லையா, எனக்குத் தெரியாது. செய்தும் இருக்கலாம். ஆனால் அவளைக் கைது செய்யச் சொல்லும் எல்லோரும் காட்டுவது ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜை. அது நம் ஸ்டெல்லாவுடையது. சூலூரில் அவர்களுக்கு எதிர்வீட்டில் இருக்கிறாள். 'நாந்தான் மருந்து வெச்சேன்னு கேட்டுக்குப் பக்கத்துல நின்னு அவளே சொன்னா' என்கிறாள் அதில்.

என் வீட்டுக்காரருக்குக் கடைசியில் இதய நோய். சாப்பாடு ஆனதும், "மருந்து வெச்சாச்சுங்க" என்பேன். "பாத்தேன் அம்மணி" என்பார். அவர் போன அன்று, வந்தவர்களிடமெல்லாம் நான், "நாந்தானுங்க மருந்து வெச்சேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேனாம். மருமகள் பின்னால் சொன்னாள். யாரும் என்னைச் சந்தேகமாகப் பார்க்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டார்கள், காபி கொடுத்தார்கள்.

ஸ்டெல்லா, நாளைக்குப் போலீஸ் உன்னிடம் வாக்குமூலம் வாங்க வருகிறது என்று எழுதியிருந்தாய். அதற்கு முன்னால் எனக்கு ஒரு பதில் வேண்டும். மருந்தை எங்கே வைத்ததாக அவள் சொன்னாள்? உன் காதில் விழுந்த வார்த்தைகளை மட்டும், விழுந்த வரிசையிலேயே சொல். அந்தச் சொல் விழவில்லை என்றால் விழவில்லை என்று சொல். வாய்ஸ் மெசேஜ் வேண்டாம். எழுதி அனுப்பு.